யூத அண்டை வீட்டார்

குற்றாலச் சாரல் வரும் ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து கொச்சி சென்றால், மட்டாஞ்சேரியில் யூதத் தெருவைக் காணலாம். அங்கு யூதர்களின் வணக்கத்தலம் 1568-இல் மன்னரின் அரண்மனையை ஒட்டியே எழுந்தது. 1948-இல் இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். எஞ்சியோருள் ஒருவரான சாரா கோஹன் எனும் மூதாட்டி, 2019-இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார். பிள்ளைகளில்லாத அவரை இறுதிவரை பராமரித்து, அவரது பூத்தையல் கடையையும் கவனித்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் சகோதரர்!

பாலஸ்தீனத்தை எண்ணி நம் நெஞ்சம் கொதிக்கிறது, கொதிக்கத்தான் வேண்டும். அதற்காக அம்மூதாட்டியைப் பகைக்கலாமா? நம்மோடு போரிடாதோருக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை அல்மும்தஹினா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் தெளிவாக்குகிறது. மதீனாவில் ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே எனத் தோழர்கள் கூறியபோது, அதுவும் ஓர் உயிரே என்பதை உணர்த்தினார்கள்.