உங்களுக்குத் தெரியுமா? காரைக்காலுக்கு ஆயுள் கணக்கு இல்லை!

காரைக்காலில் இன்று பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை ஆண்டு வாழும்? மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை வெளியிட்ட 2015–19 ஆயுள் அட்டவணையைப் புரட்டினால் விடை கிடைக்காது. அதில் இருப்பவை பெரிய மாநிலங்களும் டெல்லி போன்ற சிலவும்தான். காரைக்கால் அடங்கிய புதுச்சேரிக்கே அதில் தனி வரி கிடையாது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சம் பேர் இருந்த காரைக்காலுக்கு எங்கே!

அப்படியே புதுச்சேரிக்கு ஒரு சராசரி போட்டாலும், நாகைக்குப் பக்கத்துக் காரைக்காலும், கண்ணூரை ஒட்டிய மாஹேயும், கோதாவரிக் கரை ஏனாமும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும்.

இடம் மாறினால் ஆயுள் எவ்வளவு மாறும்? அதே அட்டவணையில் இந்தியச் சராசரி 69.7 ஆண்டு. டெல்லி 75.9, கேரளம் 75.2, சத்தீஸ்கர் 65.3. பணக்கார அமெரிக்காவிலும் இதே கதைதான்: கொரோனா உலுக்கிய 2021இல் ஹவாய் 79.9, மிசிசிப்பி 70.9.

65.3 என்றால் சத்தீஸ்கர்காரர்கள் 65 வயதில் போய்விடுகிறார்கள் என்று பொருளல்ல. பிறந்த ஓராண்டுக்குள் நேரும் இறப்புகள் சராசரியைக் கீழே இழுக்கின்றன. அறுபதை எட்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மாநிலங்களுக்கு இடையிலான இடைவெளி குறைந்துவிடும்.