குறி பார்க்கும் கலை

துரோணர் தம் மாணாக்கருக்கு வில்வித்தை கற்பித்த கதையை அறியாதார் நம்மில் யார்? மரக்கிளையில் ஒரு பறவைப் பொம்மையை வைத்து, "என்ன தெரிகிறது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மரம் தெரிகிறது, கிளை தெரிகிறது, தங்கள் திருவடி தெரிகிறது என்றெல்லாம் மற்றவர்கள் சொன்னார்கள். அருச்சுனன் மட்டும், பறவையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்றான். ஆசிரியர் மனம் குளிர்ந்தார்.

ஆசிரியத் தொழிலில் இருந்த காலமெல்லாம் இக்கதையை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் கைத்துப்பாக்கியால் இலக்கைச் சுடப் பழகும் மாணவனுக்கு இக்கதை தவறான வழிகாட்டி என்று இன்று சொல்லப் போகிறேன். வியாசரை மறுக்கும் துணிவு எனக்கு இல்லை. வில் வேறு, துப்பாக்கி வேறு, அவ்வளவுதான்.

நீங்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வலக்கையை நன்றாக நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். எங்கள் கடையநல்லூரில் மேற்கே திரும்பினால் மலைமுகடு தெரியும். உங்கள் ஊரில் ஒரு கோபுரமோ தென்னையோ தெரியக்கூடும். விரல்நகத்தையும் அந்த முகட்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முயலுங்கள். முடியாது. நகம் தெளிந்தால் மலை மங்கும். மலை தெளிந்தால் நகம் மங்கும். கண்ணின் உள்ளே உள்ள வில்லை ஒரு நேரத்தில் ஒரு தொலைவுக்கே தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும். எத்தனை கூரிய கண்ணாயினும் இதற்கு விலக்கில்லை.

கைத்துப்பாக்கியின் குழல் நுனியில் ஒரு சிறு கட்டை நிற்கும். அதை முன்குறி என்போம். பின்புறத்தில் நடுவே பள்ளம் வெட்டிய ஒரு தகடு இருக்கும், அது பின்குறி. பின்குறியின் பள்ளத்தில் முன்குறி நடுவாக அமைந்து, இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அப்பால் 10 மீட்டர் தூரத்தில் இலக்கு அட்டை இருக்கிறது. இம்மூன்றில் கண் எதைத் தெளிவாகக் காண வேண்டும்? "இலக்கை" என்றுதான் எவரும் விடை கூறுவர். நானும் அப்படித்தான் கூறினேன். கூறியதோடு நில்லாமல் கற்பிக்கவும் செய்தேன்.

அக்காலத்தில் நான் ஒரு பள்ளியில் தேசிய மாணவர் படையின் பொறுப்பாசிரியனாக இருந்தேன். ஆண்டுதோறும் முகாமில் மாணவர்களுக்குச் சிறு துப்பாக்கிப் பயிற்சி உண்டு. அது நீண்ட குழலுடைய துப்பாக்கி, படுத்துக்கொண்டு சுடுவது, ஆயினும் குறி பார்க்கும் முறை ஒன்றே. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, துப்பாக்கி முனை தெளிவாகத் தெரிகிறது; அட்டை மங்கலாகத் தெரிகிறது" என்றான். "முனையை ஏன் பார்க்கிறாய்? வட்டத்தைப் பார்" என்று நான் கடிந்துகொண்டேன். மறுநாளும் அவன் அதையே சொன்னான். கண்ணைச் சோதித்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டு, போட்டிக்குரிய பட்டியலிலிருந்து அவன் பெயரையும் அடித்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு என் பேத்தி கைத்துப்பாக்கி சுடப் பழகினாள். அவளுக்குத் துணையாகச் சென்ற இடத்தில் பயிற்சியாளர் என் கையிலும் காற்றழுத்தக் கைத்துப்பாக்கி ஒன்றைக் கொடுத்துச் சுடச் சொன்னார். பத்துக் குண்டுகள் சுட்டேன். அட்டையில் அவை எறிந்த சோளம்போல் சிதறிக் கிடந்தன. "சுடும்போது எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். "கறுப்பு வட்டத்தை" என்றேன். "வட்டம் மங்கலாகவே இருக்கட்டும் ஐயா, முன்குறியைப் பாருங்கள்" என்றார். அந்தக் கணத்தில் எனக்கு அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் நினைவுக்கு வந்தான். அவன் சரியாகவே பார்த்திருக்கிறான். கண் கெட்டிருந்தது அவனுக்கன்று.

ஏன் அப்படி என்பதற்குக் கணக்கு உண்டு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி 33 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இலக்கு 10 மீட்டரில் உள்ளது. ஏறத்தாழ முப்பது மடங்கு. ஆகவே பின்குறியின் பள்ளத்தில் முன்குறி 1 மில்லிமீட்டர் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால், குண்டு அட்டையில் 30 மில்லிமீட்டர் விலகிப் போகும். அனைத்துலக அட்டையில் வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர். பத்தில் விழ வேண்டிய குண்டு ஏழில் போய் விழும். இனி மற்றொன்றைப் பாருங்கள். முன்குறியும் பின்குறியும் சரியாக அமைந்திருக்க, கை முழுவதுமே 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடிவிட்டது. குண்டு எவ்வளவு விலகும்? அதே 5 மில்லிமீட்டர்தான். அதற்குப் பத்துப் புள்ளியே கிடைக்கும். முதற்பிழை பெருகுகிறது, இரண்டாவது பெருகுவதில்லை. பெருகும் பிழையைக் காவல் காக்கத்தான் கண் முன்குறியில் நிற்க வேண்டும். வட்டத்தின் நட்ட நடுவைத் தேடாமல், அதன் அடிவிளிம்புக்குச் சற்றுக் கீழே குறி வைக்கும் வழக்கமும் இதனால்தான் வந்தது. கறுப்பின்மேல் கறுப்பு முன்குறி தெரியாது. வெள்ளையின்மேல் நன்றாகத் தெரியும்.

"என் கை நடுங்குகிறதே" என்று தொடக்கக்காரர் வருந்துவர். எல்லாருடைய கையும் ஆடும். துப்பாக்கியின் எடை 1,500 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. அதை ஒரே கையால் நீட்டிப் பிடிக்க வேண்டும். நாடி துடிக்கும் உடம்பில் கை கல்லாக நிற்பது எங்ஙனம்? அங்கேரி நாட்டுப் படைவீரர் காரோலி டக்காச் என்பவருக்கு 1938-இல் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையால் சுடக் கற்று, 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பழகாத கையும் பழகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆட்டத்தைக் காட்டிலும் கொடியது அவசரம். முன்குறி வட்டத்தின் அடியில் வந்து நிற்கும் கணத்தில், "இதோ, இப்போது!" என்று மனம் கூவும், விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும், குழல் கீழே குனியும். பெரும்பாலான குண்டுகள் கெடுவது இங்கேதான். நான் மாணவர்களிடம் "பிழி, பிழி" என்று சொல்வது வழக்கம். அதுவும் அரைகுறைப் பாடமே. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் கை முழுவதும் இறுகினால் குழல் திரும்பிவிடும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். குப்பியை மெல்ல அழுத்துகிறோம். துளி எந்த நொடியில் விழும் என்று தெரியாது. ஆயினும் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது. சுட்டுவிரல் ஒன்று மட்டும் அவ்வாறு பின்னோக்கி நேராக அழுத்த வேண்டும். வெடித்த பின்னும் இரண்டொரு நொடி முன்குறியைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். குண்டு எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்க்கும் ஆசை, குண்டு குழலை விட்டு நீங்கும் முன்பே கையைத் தாழ்த்திவிடும்.

நிற்கும் நிலையைப் பற்றிச் சுருங்கச் சொல்கிறேன். கால்களைத் தோளகலம் விரித்து, பக்கவாட்டில் நின்று, இடக்கையைச் சட்டைப்பையிலோ இடுப்பிலோ செருகிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள், திறந்து பாருங்கள். குழல் இலக்குக்குப் பக்கத்தில் நின்றால் கையை இழுத்துச் சரிசெய்யாதீர்கள்; காலை நகர்த்துங்கள். மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்துங்கள். எட்டுப் பத்து நொடிக்குள் வெடிக்கவில்லையா? கையைத் தாழ்த்தி இளைப்பாறுங்கள். போட்டியில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். அது போதுமான நேரம்.

குண்டில்லாமல் பழகுவதே முதற்படி. பயிற்சியாளர் முன்னிலையில், துப்பாக்கி காலியென்று இருமுறை பார்த்துவிட்டு, வெறும் வெள்ளைச் சுவரை நோக்கி விசையை அழுத்துங்கள். இலக்கே இல்லாதபோது ஆசையும் இல்லை. முன்குறி அசைகிறதா என்பது மட்டும் தெரியும். என் பேத்தி முதல் மாதம் இதைத்தான் மிகுதியும் செய்தாள். அவளுக்குச் சலிப்பு, எனக்கு வியப்பு. குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்கட்டும். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இவற்றை மீறுபவன் எத்துணைத் திறமைசாலியாயினும் என் களத்தில் நான் அவனை நிற்கவிட மாட்டேன்.

பிறகு அட்டையில் சுடும்போது புள்ளிகளைக் கூட்டாதீர்கள். ஐந்து குண்டுகளும் ஓரிடத்தில் நெருங்கி விழுகின்றனவா என்று பாருங்கள். இடப்புற மூலையில் நெருங்கி விழுந்தால் மகிழுங்கள்; பின்குறியின் திருகைச் சிறிது திருப்பினால் அக்கூட்டம் அப்படியே நடுவுக்கு வந்துவிடும். சிதறி விழுந்தால் எந்தத் திருகும் உதவாது. ஒரே ஒரு குண்டு தவறியதைக் கண்டு திருகைத் தொடுவது தொடக்கக்காரரின் பொதுக் குற்றம்.

2024-ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று, பாரிசு ஒலிம்பிக்கில் அரியானாவைச் சேர்ந்த மனு பாக்கர் 10 மீட்டர் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் போட்டியில் 221.7 புள்ளி பெற்று வெண்கலம் வென்றார். துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அடுத்த இடத்துக்கும் அவருக்கும் அப்போது இருந்த வேற்றுமை 0.1 புள்ளி. அட்டையில் அது 0.8 மில்லிமீட்டர், மொட்டைப் பென்சிலால் போட்ட ஒரு கோட்டின் தடிப்பு. 2021-இல் டோக்கியோவில் அவருடைய துப்பாக்கி போட்டியின் நடுவே பழுதாகி, இறுதிச் சுற்று வாய்ப்பே கைநழுவியது. மூன்றாண்டுகளுக்குப் பின் அதே நிகழ்ச்சியில் அவர் மீண்டும் வந்து நின்றார்.

சென்ற ஆண்டு அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனைத் தேடிச் சென்று கண்டேன். இப்போது அவனுக்கு நரை தட்டிவிட்டது, துணிக்கடை வைத்திருக்கிறான். நடந்ததைச் சொல்லி, பிழை என்னுடையது என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வருடம் கண் டாக்டருக்கு எங்க அப்பா கடன் வாங்கினார் ஐயா, டாக்டர் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்" என்றான். எனக்கு நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்தான். அவன் மகள் கல்லூரியில் மாணவர் படையில் சேர்ந்திருக்கிறாளாம். முன்குறியைப் பற்றி அவளிடம் சொல்லுமாறு என்னைக் கேட்டுக்கொண்டான். வருகிற ஞாயிறன்று போகிறேன்.