மேகம் மூடிய கடலைப் படம் பிடிப்போமா?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து லுமுட்டுக்கோ பங்கோர் தீவுக்கோ போயிருப்பீர்கள். போய் இறங்கியதும் வானம் மூடிக்கொண்டால், கைப்பேசியை எடுக்கவே மனம் வராது. மேகமூட்டத்தில் எடுத்த படத்தைக் காட்டி, "சார், கேமரா கெட்டுப் போச்சா?" என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். வானம் மட்டும் வெள்ளை. நண்பர்களின் முகமெல்லாம் கறுப்பு. கேமராவில் கோளாறு இல்லை. அது கணக்குப் போட்ட விதம்தான் காரணம்.

கடல் ஏன் சாம்பல் நிறமாகிறது? மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. வானம் சாம்பலாகிறது, அதைப் பிரதிபலிக்கும் கடலும் அப்படியே.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒளி ஒரே திசையிலிருந்து வராமல் வானம் முழுவதிலிருந்தும் வருவதால், அழுத்தமான நிழல் விழாது. நண்பகல் வெயிலில் கண்ணுக்குக் கீழே விழும் கறுப்பு நிழல் இருக்காது. பாறையின் வரிகளும் படகின் வண்ணமும் தெளிவாகத் தெரியும்.

பிறகு முகம் ஏன் கறுத்தது? மூடிய வானம், கீழே உள்ள பொருள்களைவிட மிகவும் பிரகாசமானது. படத்தில் பாதி வானமாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று கருதி கேமரா முழுப் படத்தையும் இருட்டாக்கிவிடும். ஆகவே, திரையில் வானத்தைத் தொடாமல் முகத்தையோ படகையோ தொடுங்கள். வானத்தின் பங்கையும் குறையுங்கள்.

அடர்ந்த மேகமூட்டத்தில் ஒளி, நல்ல வெயிலில் உள்ளதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். கேமரா அதிக நேரம் ஒளியைச் சேகரிக்க வேண்டும். அதற்குள் கை ஆடினால் படம் கலங்கும். கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். ஒலி 1 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 வினாடி ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடி என்றால் மின்னல் 10 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அடுத்தது உங்கள் அருகிலேயே விழலாம். வெட்டவெளிக் கடற்கரையில் உயரமாக நிற்பது நீங்கள்தான். இடி கேட்டதும் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். படத்தை இன்னொரு நாள் எடுக்கலாம்.

செய்து பாருங்கள்: இருட்டறையில் ஓர் அழிப்பானை நிறுத்தி, கைவிளக்கால் ஒளி பாய்ச்சுங்கள். பிறகு அழிப்பானுக்கு அருகே, விளக்கின் முன் ஒரு வெள்ளைத் தாளை விரித்துப் பிடியுங்கள். நிழலின் ஓரம் என்ன ஆகிறது? அந்தத் தாள்தான் உங்கள் மேகம்.