ஜப்பாண்டி: பாய் சுருட்டி வைக்கும் வீடு

"அக்கா, ஜப்பாண்டி எண்டா என்ன? அதுக்கு எவ்வளவு முடியும்?"

மொன்றியலின் ஃப்ளெரி தெருவுக்குப் பக்கத்தில் டியூப்ளெக்ஸ் ஒன்றின் கீழ்வீட்டை வாங்கிக் குடிவந்த தங்கச்சி ஒருத்தி போன மாதம் கேட்டாள். கைபேசியில் ஒரு படம்: வெளிர் மரத்தரை, தாழ்வான சோபா, ஒற்றைக் கிளை நிற்கும் மண்சாடி. அவளுடைய வரவேற்பறையில் இருந்தவை கறுப்புத் தோல் செற்றி, கண்ணாடி அலுமாரி, பட்டமளிப்புப் படங்கள், மகளின் நடனக் கோப்பைகள். அன்று தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் வேறு சிலரும் கேட்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஜப்பான், ஸ்காண்டிநேவியா என்ற இரண்டையும் ஒட்டிச் செய்த பெயர் அது. பெயர்தான் புதிது. டென்மார்க் 1867இலேயே ஜப்பானுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பின் ஜப்பானிய மண்பாண்டமும் மரவேலையும் கோபன்ஹேகன் கைவினைஞர்களின் கண்ணில் பட்டன. பூச்சு பூசி மரத்தை மறைக்காமல் அதன் ரேகையைக் காட்டுவது, வேண்டாததைக் கழிப்பது, கையால் செய்த பொருளை மதிப்பது ஆகியவற்றில் இரண்டு ஊர்களும் ஒத்துப்போயின. டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வரைந்த 'ஒய்' கதிரையைக் கிட்ட நின்று பாருங்கள். அவருக்குப் பொறி தட்டியது சீனத்துப் பழங்கதிரைகளில். இருக்கையோ ஏறக்குறைய 120 மீற்றர் காகிதக் கயிற்றைக் கையால் இழுத்து இழுத்துப் பின்னியது. நம் ஊர்க் கயிற்றுக் கட்டில் பின்னுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையின் வேலை உடனே பிடிபடும்.

ஸ்காண்டிநேவிய வீட்டிடமிருந்து வெளிச்சமும் கம்பளியின் கதகதப்பும் வருகின்றன. ஜப்பானிய வீட்டிடமிருந்து தாழ்வும் நிழலும் வெறுமையும் வருகின்றன.

எல்லோரையும் இழுப்பது அந்த வெறுமைதான். அதற்கு ஒரு வேலை இருக்கிறது. பழைய ஜப்பானிய அறையில் பகலில் தத்தாமி என்ற கோரைப் பாய்த்தரை மட்டும் கிடக்கும். இரவில் சுவர் அலுமாரியிலிருந்து மெத்தை வரும், விடிந்தால் மடித்து உள்ளே போகும். எங்கள் அம்மம்மாவின் விறாந்தையும் இந்தக் கணக்கில்தான் ஓடியது. மூலையில் நாலு பாய் சுருட்டி நிமிர்த்தி வைத்திருக்கும். நல்ல பன்பாய் வந்தவர்களுக்கு, ஓரம் பிய்ந்த பனையோலைப் பாய் மிளகாய் காயவைக்க. ஆள் எழும்பிப் போனதும் பாயை உதறிச் சுருட்டிவிடுவா. அதே விறாந்தையில் அந்தியேட்டிக்கு முப்பது பேர் இருந்து சாப்பிட்டதும் எனக்கு ஞாபகம்.

ஆகவே நான் சொல்லும் முதல் செலவு சோபா அல்ல, கதவு வைத்த அலுமாரி. ஒரு சுவர் முழுதும், இடுப்பளவு உயரத்தில், கைப்பிடி துருத்தாத கதவுகளோடு. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், பள்ளிக்கூடப் பை, தையல் பெட்டி, விருந்தினர் போர்வை எல்லாம் அதற்குள் போக வேண்டும். சாமானை வைக்க இடம் செய்யாமல் தாழ்ந்த சோபா மட்டும் வாங்கினால், மூன்றாம் வாரம் தரையெல்லாம் சாமானாகி அறை முன்னையதைவிட மோசமாகத் தெரியும்.

"அப்ப என்ர பிள்ளையின்ர படத்தை ஒளிச்சு வைக்கவோ?" என்று தங்கச்சிக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். ஜப்பானிய வீட்டில் தொக்கொனோமா என்று ஒரு மாடம் உண்டு. அங்கே ஒரு சுருள் ஓவியமும் ஒரு பூவும் மட்டும் இருக்கும். பருவத்துக்கேற்ப ஓவியத்தை மாற்றுவார்கள், மற்றவை பெட்டிக்குள் காத்திருக்கும். படங்களையும் அப்படிச் செய்யலாம். தைப்பொங்கலுக்கு ஒன்று, பட்டம் பெற்ற மாதத்தில் ஒன்று, அப்பாவின் திதிக்கு அவருடைய படம். சுவரில் இருபது படம் இருந்தபோது யாரும் நின்று பார்த்ததில்லை. இப்போது வருகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக் கதை கேட்கிறார்கள் என்று அவளே சொல்கிறாள். குத்துவிளக்கு அங்கேயே நிற்கட்டும். வெளிர் மரத்துக்கும் பழுப்பு வெள்ளைச் சுவருக்கும் நடுவில் பித்தளையைப் போலப் பொருந்துவது வேறொன்று இல்லை.

அடுத்தது வெளிச்சம். இதில்தான் படத்தைப் பார்த்து ஏமாறுகிறோம். மொன்றியலில் தெருப்பலகை சொல்லும் வடக்கு, உண்மையில் வடமேற்குப் பக்கம் நன்றாகச் சாய்ந்தது. தீவின் ஆற்றங்கரையை ஒட்டித் தெருக்களைப் போட்டதால் வந்தது அது. ஆகவே "கிழக்கு வாசல்" என்று வாங்கிய வீடு பெரும்பாலும் வடகிழக்கைப் பார்க்கும், "மேற்கு வாசல்" தென்மேற்கை. கைபேசித் திசைகாட்டியை யன்னலடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிறம் எடுக்க வேண்டும். வாஸ்து பார்க்கிறவர்களுக்கும் இது உதவும்.

டிசம்பர் 21 அளவில் இங்கே மதியச் சூரியன் ஏறுவது 21 பாகைதான். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் 57 பாகை. இவ்வளவு தாழ்ந்த வெயில் தென்மேற்கு யன்னலால் நுழைந்தால் நாலைந்து மீற்றர் உள்ளே வந்து எதிர்ச்சுவரில் விழும். அந்த அறை களிமண் நிறத்தையோ கடும் பழுப்பையோ தாங்கும். வடகிழக்கு அறைக்குக் குளிர்காலத்தில் நேர்வெயில் கிட்டத்தட்டக் கிடையாது. அங்கே நாகரிகம் என்று சாம்பல் நிறம் பூசினால் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஈரச்சுவரைப் போலிருக்கும். மஞ்சள் கலந்த பால்நிறமே நல்லது.

திரைச்சீலைக்கு வருவோம். ஷபனெல் தெருவில் ஒன்பது வருடம் தையல் மெஷினில் இருந்தவள் நான், துணியில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. படங்களில் லினன் திரை தரையைத் தொடும். நம் வீடுகளில் யன்னலுக்கு நேர் கீழே மின்சார ஹீட்டர் இருக்கிறது. அதன்மேல் துணி தொங்கவே கூடாது, தீ ஆபத்து. சோபாவும் அதிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும். அதனால் யன்னல் சட்டத்துக்குள் அடங்கும் துணிச்சுருள் போடுங்கள். லினனை வெட்டுமுன் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் கழுவலில் சுருங்கிக் குட்டைப் பாவாடை போல நிற்கும்.

டிசம்பரில் நாலேகால் மணிக்கு இருட்டிவிடும். கூரை நடுவில் ஒரே வெள்ளை விளக்கு எரிந்தால் இத்தனை வேலையும் வீண். 2700 கெல்வின் என்று எழுதிய பல்புகள் மூன்றை இருக்கும் உயரத்தில் வையுங்கள். சிற்பி இசாமு நோகுச்சி 1951இல் ஜப்பானின் கிஃபு ஊருக்குப் போய், அங்கே மூங்கில் சிம்பில் காகிதம் ஒட்டிக் கூடு செய்வதைப் பார்த்து, அக்காரி என்ற விளக்குகளை உருவாக்கத் தொடங்கினார். அசல் விலை அதிகம். அதே வழியில் வந்த சாதாரணக் காகிதக் கூடுகள் சென்-லோரன் ஐக்கியாவில் மலிவு.

சோபாவை 35 சென்ரிமீற்றருக்குக் கீழே இறக்காதீர்கள். முழங்கால் வலியோடு அம்மா அதிலிருந்து எழும்பப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு எந்த அழகை ரசிப்பது? அவவுக்குக் கைப்பிடியோடு நல்ல மரக்கதிரை ஒன்று தனியாக வேண்டும். சாப்பாட்டு மேசைக்கு எண்ணெய் மட்டும் பூசிய வெளிர் மரம் வேண்டாம், மஞ்சள் கறை இறங்கினால் போகாது. வார்னிஷ் அடித்ததாகப் பாருங்கள்.

எவ்வளவு முடியும் என்றாளே, அலுமாரியும் பெயின்றும் விளக்கும் தவிர அவள் வாங்கியது கொஞ்சம். முதலில் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் பழைய மரத்தரை முழுசாக இருந்தது. இங்குள்ள பழைய டியூப்ளெக்ஸ்களில் இப்படி அடிக்கடி கிடைக்கும். வேண்டாத மரச்சாமான் ஹென்றி-பூராசா மேற்கில் உள்ள அக்காடி எக்கோசென்டருக்குப் போனது. ஜூலை 1, ஊரே வீடு மாறும் நாளில், இரண்டு தெரு தள்ளி ஒரு மேசை வெளியே கிடந்தது. மெத்தை வைத்த எதையும் தெருவிலிருந்து தூக்கக் கூடாது, மூட்டைப்பூச்சி வரும். இது வெறும் மரம். மூட்டுக்களை ரோச் அடித்துப் பார்த்தோம், கால்களை ஒரு சாண் அறுத்தோம், கறுப்புப் பெயின்றைத் தேய்த்தோம். மூன்றாவது தேய்ப்புத்தாளில் தேன்நிற ரேகை தெரிந்தது. மெரிசியே, கியூபெக்கின் மாகாண மரமான மஞ்சள் பேர்ச். தங்கச்சி அதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் வெளியே குந்தியிருந்தாள்.