ஃப்யூஸ் போகலை ஸார்... அதான் லேட்!

ஓசூர், பாகலூர் ரோடு. காலை ஷிஃப்டுக்கு ஊரே பறந்துகொண்டிருக்க, நான் மட்டும் ரோட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டு முழித்துக்கொண்டிருந்தேன். ஸீட்டுக்கு அடியிலிருந்து புகை! ஊதுபத்தி மாதிரி மெல்லிசாக ஆரம்பித்து, ஹோமகுண்டம் ரேஞ்சுக்குப் போய்விட்டது.

காரணம் என் ஆசைதான். புதுசாக ஒரு ஹாரன், ரெண்டு ஃபாக் லாம்ப் மாட்டியிருந்தேன். அடிக்கடி ஃப்யூஸ் போனது. "இனிமே போகாத மாதிரி பண்ணித் தர்றேன்" என்று ஒருத்தர் ஃப்யூஸ் இருந்த இடத்தில் தாமிரக் கம்பியைச் சுற்றிக் கொடுத்தார். வாக்குத் தவறவில்லை. ஃப்யூஸ் போகவேயில்லை. ஒயரிங்தான் போயிற்று!

எதிர் பட்டறை மெக்கானிக் பாய் ஓடி வந்து பாட்டரி ஒயரைக் கழற்றினார். புகை அடங்கியதும் டீ வாங்கிக் கொடுத்தார். கூடவே பாடமும்.

"ஃப்யூஸு லைட்டைக் காப்பாத்தன்னு நெனச்சியா தம்பி? ஒயரைக் காப்பாத்த! ஒயர் தாங்குறதுக்கு மேல கரண்ட் போனா, அது உருகுறதுக்கு முன்னாடி ஃப்யூஸு உருகணும்."

"வெறும் பன்னிரண்டு வோல்ட்டுதானே பாய்? தொட்டாக்கூட ஷாக் அடிக்காதே!"

"ஷாக் அடிக்காது. கொளுத்தும்!"

கணக்குப் பாருங்கள். 60 வாட் விளக்கு வீட்டு 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் கால் ஆம்பியர். அதே 60 வாட், பைக்கின் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர்! ஒயரைச் சூடாக்குவது ஆம்பியர்தான்.

மூச்சு விடாத கரண்ட்

வீட்டுக்கு வருவது ஏ.ஸி. அது விநாடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போகும். சுவிட்சுக்குள் கிளம்பும் பொறி அந்தக் கணத்தில் செத்துவிடும். பாட்டரி தரும் டி.ஸி. பூஜ்யம் பக்கமே போகாது. வோல்ட்டும் கூடிவிட்டால், பொறி அணையாமல் வெல்டிங் மாதிரி எரியும். அதனால்தான் டி.ஸி. பிரேக்கர்கள் பலவற்றுக்குள் காந்தம் வைத்து, பொறியை இழுத்து நீட்டி, தகடுகளுக்கு நடுவே துண்டு துண்டாக்கி அணைக்கிறார்கள்.

இது நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். டி.வி.எஸ்., ஏதர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் ஓசூரிலிருந்தும், ஓலா போச்சம்பள்ளியிலிருந்தும் வருகின்றன. இவற்றின் பாட்டரி பைக்கைப் போல 12 அல்ல, சுமார் 50 வோல்ட். 2022-ல் நாட்டின் பல இடங்களில் வெவ்வேறு கம்பெனிகளின் மின்ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன. மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாட்டரி விதியை இறுக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாக அமல்படுத்தியது. ஃப்யூஸ் மட்டும் போதாது. சூட்டையும் வோல்ட்டையும் கவனிக்கும் பி.எம்.எஸ். என்ற எலெக்ட்ரானிக் காவல்காரரும் உள்ளே உண்டு. அவரைத் தாண்டி எக்ஸ்ட்ரா லைட்டுக்கு ஒயர் இழுப்பது வம்பு.

பாய் சொன்ன மூன்று விஷயங்கள்:

* போன ஃப்யூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான். கம்பி, ஜிகினா பேப்பர் கூடவே கூடாது.

* எக்ஸ்ட்ரா லைட்டுக்குத் தனி ஃப்யூஸ், பாட்டரிக்குப் பக்கத்திலேயே.

* மாடியில் சோலார் வைத்தால், பேனல் பக்கம் டி.ஸி. என்று எழுதிய பிரேக்கர்தான். வீட்டு எம்.ஸி.பி. அங்கே உதவாது.

மறுபடி ஃப்யூஸ் போனால் திட்டாதீர்கள். நமக்காகச் செத்திருக்கிறது. ஏன் செத்தது என்று தேடுங்கள்.

அன்று ஆபீஸுக்கு ஒன்றரை மணி நேரம் லேட். மானேஜர் முறைத்தார்.

"என்னய்யா, ஃப்யூஸ் போயிடுச்சா?"

"போகலை ஸார்... அதான் லேட்!"