கேபிளில் மேட்ச் பிளாங்க்... ஆன்டெனாவில் ஃப்ரீ! தாம்பரம்வாசிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்தியா ஆடும் ஒருநாள் போட்டி. கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் வைத்தால் மேட்ச் மட்டும் வராது. ஆனால், மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்த வீட்டில் அதே சேனலில் மேட்ச் ஓடும். மாத சந்தா ஜீரோ. அது எப்படி?

காரணம் என்ன?

2007-ல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் சிக்னலைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும். இந்த சிக்னலை தூர்தர்ஷன் தன்னுடைய நிலவழி ஒளிபரப்பிலும், தன்னுடைய டிடிஎச்-சிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால்தான் கேபிளுக்கு 'நோ'.

இன்னமும் ஆன்டெனாவா?

சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. அந்தக் கால அனலாக் ஒளிபரப்பு நாடு முழுக்க படிப்படியாக மூடப்பட்டது. அதற்குப் பதிலாக, 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தது. இதில் புள்ளி புள்ளியாக 'மழை' பெய்யாது. சிக்னல் போதுமென்றால் படம் பளிச். இல்லையென்றால் படம் உறைந்து நிற்கும், அல்லது ஒன்றுமே வராது.

என்ன வேண்டும்?

* டிவி: ஸ்பெக் ஷீட்டில் 'டிவிபி-டி2' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிவிபி-டி2 செட்-டாப் பாக்ஸ் தேவை. கேபிள் பாக்ஸ் இதற்கு உதவாது.
* ஆன்டெனா: யு.எச்.எஃப். ரகம். தாத்தா காலத்து பெரிய ஆன்டெனா வி.எச்.எஃப். அலைவரிசைக்கானது, அதை நம்பாதீங்க.
* திசை: தூர்தர்ஷன் நிலையம் சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில். தாம்பரத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 23 கி.மீ., வடகிழக்கு.

தாம்பரத்தில் என்ன சிக்கல்?

தூரம் அல்ல, மலை. பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் ஏறக்குறைய குறுக்கே நிற்கின்றன. பக்கத்து அப்பார்ட்மென்ட்டும் மறைக்கும். ஜன்னலோர ஆன்டெனாவைவிட மொட்டைமாடி உயரம்தான் பெட்டர். செலவு செய்யும் முன், சின்ன ஆன்டெனாவை மாடிக்குக் கொண்டுபோய், டிவி மெனுவில் 'ஆன்டெனா' தேர்வு செய்து ஆட்டோ ஸ்கேன் போடுங்கள். ஏதாவது சேனல் சிக்கினால் பெரியதாக வாங்கலாம்.

சன், விஜய் வருமா?

வராது. இந்தியாவில் நிலவழி டிவி ஒளிபரப்பு தூர்தர்ஷனுக்கு மட்டுமே. பொதிகை என்ற பெயரில் தெரிந்த சேனல் 2024 ஜனவரி முதல் டிடி தமிழ். கூடுதல் சேனல்கள் வேண்டுமென்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ், பாக்ஸுக்கு ஒருமுறை செலவு, பிறகு சந்தா கிடையாது. அதன் டிஷ் ஜிசாட்-15 செயற்கைக்கோளைப் பார்த்து தென்கிழக்கே திரும்ப வேண்டும். மலை மறைக்காத பக்கம் அது என்பதால், ஆன்டெனா கைவிட்ட வீட்டுக்கும் இது செட் ஆகும்.

மேட்ச் மட்டும்தானா?

2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் தண்ணீரில் நின்றன. தெருவில் கேபிள் அறுந்தாலும், செல்போன் டவர் படுத்தாலும் ஆன்டெனாவுக்குக் கவலையில்லை. ஒளிபரப்பு நிலையம் இயங்கி, வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினால் செய்தி வந்து சேரும். ஓடிடி சந்தாவை விட வேண்டாம். மாடியில் ஒரு ஆன்டெனாவும் இருக்கட்டும்.