110 சதவீத வரி: காப்பாற்றப்படுவது யார்?

2024 முடிவதற்குள் சீன மின்சாரக் காருக்கு எதிராகப் பணக்கார நாடுகள் வரிசையாகக் கதவைச் சாத்தின. செப்டம்பரில் அமெரிக்கா 100 சதவீத வரி போட்டது. அக்டோபர் முதல் தேதி கனடாவும் அதையே செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஓராண்டு விசாரணை நடத்திவிட்டு, ஏற்கெனவே இருந்த 10 சதவீதத்துக்கு மேல், நிறுவனத்துக்குத் தகுந்தபடி 35.3 சதவீதம் வரை கூடுதல் வரி விதித்தது. திறந்த சந்தையின் பெருமையை நமக்குப் பல வருடங்களாக எடுத்துச் சொல்லிவந்த நாடுகள் இவை.

இந்தியா இந்தக் கதவை முழுதாகத் திறந்ததே இல்லை. முழுக் காராக இறக்குமதி செய்தால் இன்றும் 70 சதவீதம் வரி. விலை 40,000 டாலரைத் தாண்டினால் 110 சதவீதம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில்கூட, பெட்ரோல், டீசல் கார்களுக்குச் சலுகை கொடுத்துவிட்டு, மின்சாரக் காருக்கு முதல் ஐந்து வருடம் எதுவும் கிடையாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்த வரி வேண்டுமா என்றால், வேண்டும் என்பதே என் பதில். இறக்குமதியைத் திறந்துவிட்டால் நடுத்தரக் குடும்பத்துக்கும் மலிவாக மின்சாரக் கார் கிடைக்குமே, நகரத்தின் காற்றும் சுத்தமாகுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் கார் வாங்குகிறவரைப் போலவே காருக்குப் பாகம் செய்கிறவரும் இந்த நாட்டுக் குடிமகன்தான். அவருக்கு இந்த வரியால் என்ன கிடைத்திருக்கிறது என்று தேடிப் போனால் கவலைதான் மிஞ்சுகிறது.

சீனா செய்ததை முதலில் பார்ப்போம். 2009-ல் சில நகரங்களில் சோதனையாகத் தொடங்கிய மானியத்தை 2022 கடைசி வரை அந்த அரசு விடவில்லை. பணம் கொடுத்ததைவிட, யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2015-லிருந்து 2019 வரை ஒரு பட்டியல் இருந்தது. அரசு அங்கீகரித்த பேட்டரி நிறுவனங்களின் பட்டியல். அதில் இருக்கும் நிறுவனத்தின் பேட்டரியைப் பொருத்தினால்தான் காருக்கு மானியம். உலகச் சந்தையில் முன்னணியில் இருந்த கொரிய நிறுவனங்களுக்கு அதில் இடமில்லை. போட்டி இல்லாத அந்தச் சில வருடங்களில் உள்ளூர் பேட்டரிக்காரர்கள் வளர்ந்து நின்றார்கள். பட்டியலை எடுத்தபோது அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. இன்று உலகில் தயாராகும் லித்தியம் அயான் பேட்டரியில் சுமார் முக்கால் பங்கு சீனாவில் தயாராகிறது. 2024-ல் உலகில் விற்ற 1.7 கோடி மின்சாரக் கார்களில் 1.1 கோடிக்கு மேல் அங்கேயே விற்றன, பிளக்-இன் ஹைபிரிட் கார்களையும் சேர்த்து.

கார் விற்கிறவருக்குக் கொடுக்கும் மானியத்தைப் பாகம் செய்கிறவர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதுதான் அவர்கள் செய்த வேலை. இதற்கு நேர்மாறான அனுபவம் ஜெர்மனியுடையது. வாங்குபவருக்குக் கொடுத்துவந்த மானியத்தை 2023 டிசம்பரில், ஓரிரு நாள் அவகாசத்தில் நிறுத்தினார்கள். மறு வருடமே மின்சாரக் கார் விற்பனை கால் பங்குக்கு மேல் சரிந்தது.

நம் கதைக்கு வருவோம். 2021-ல் மத்திய அரசு வாகனத் துறைக்கு உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஒதுக்கீடு 25,938 கோடி ரூபாய். மின்சார வாகனம், அதற்கான நவீன பாகங்கள் எல்லாம் இதில் அடக்கம். விற்பனை கூடக் கூட ஊக்கத்தொகை. பாதிப் பங்காவது உள்நாட்டு மதிப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நல்ல நிபந்தனை. ஆனால் உள்ளே நுழையத் தகுதி என்ன? கார் தயாரிப்பவர் என்றால் 10,000 கோடி ரூபாய் வருமானம். பாகம் தயாரிப்பவர் என்றால் 500 கோடி ரூபாய் வருமானம், அதோடு 150 கோடி ரூபாய்க்கு இயந்திரமும் கட்டடமும் இருக்க வேண்டும்.

இந்த எண்ணை எடுத்துக்கொண்டு திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டைக்குப் போனேன். பல்லாவரத்திலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாகப் பட்டறைகள். நான் பேசிய பட்டறையில் ஆறு சி.என்.சி. லேத், ஒரு கிரைண்டிங் மெஷின், பதினான்கு பேர். இன்ஜினுக்குள் வால்வு ஏறி இறங்கும் சிறு குழல், வால்வு கைடு, அதைக் கடைந்து கொடுக்கிறார்கள். விரல் நீளம்கூட இல்லாத பாகம். உள்விட்டம் சில மைக்ரான் தப்பினாலும் இன்ஜின் எண்ணெய் குடிக்கும். ஒவ்வொன்றையும் ஒரு பெண் கையில் எடுத்து, பிளக் கேஜின் ஒரு முனையைச் செருகுகிறார். அது போக வேண்டும். மறுமுனையைச் செருகுகிறார், அது போகக் கூடாது. போனால் அந்தப் பாகம் சிவப்பு டப்பாவுக்கு. பார்த்துக்கொண்டு நின்ற வரை சிவப்பு டப்பாவில் எதுவும் விழவில்லை.

உரிமையாளர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவர். அம்பத்தூரில் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக ஆரம்பித்தவர். 500 கோடி வரம்பைச் சொன்னதும் அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நாங்க மூணாவது படியில இருக்கோம் சார். கம்பெனிக்கு சப்ளை பண்றவருக்கு நாங்க ஜாப் ஒர்க் பண்றோம். எங்க பேரு எந்தத் திட்டத்துலயும் வராது" என்றார்.

மின்சாரக் காரில் வால்வு கிடையாது. பிஸ்டன், ஸ்பார்க் பிளக், கிளட்ச், சைலன்சர் எதுவும் கிடையாது. ஆனால் மோட்டாருக்கு ஷாஃப்ட் உண்டு, அதற்கு ஒரு கூடு உண்டு, ஒற்றை வேக கியர் உண்டு, பேட்டரியைக் குளிர்விக்கத் தட்டு உண்டு, மின்சாரத்தைக் கடத்தத் தாமிரப் பட்டை உண்டு. மோட்டார் ஷாஃப்ட்டைத் தன் லேத்திலேயே கடைந்துவிட முடியும் என்கிறார் அவர். கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு பேலன்சிங் மெஷின், நல்ல அளவைக் கருவி, தரச் சான்றிதழ். அதற்கு வங்கிக் கடன் வேண்டும். வங்கி பர்ச்சேஸ் ஆர்டர் கேட்கிறது. ஆர்டர் கொடுக்க வேண்டியவர் முதலில் மெஷினைக் காட்டச் சொல்கிறார். இந்தச் சுழற்சியில்தான் அவருடைய பட்டறை நிற்கிறது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவை கணபதியிலும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

வரி போட்டிருக்கிறோமே, கார் இங்கேதானே தயாராகிறது என்று நினைக்கலாம். 110 சதவீதம் என்பது முழுக் காருக்கு. பாகங்களாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே பொருத்தினால் வரி பல மடங்கு குறைவு. பொருத்தும் ஆலை வருகிறது, வேலை கிடைக்கிறது, வரவேற்க வேண்டியதுதான். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாம் நிறுவனம் ஒன்றின் ஆலை திறக்கப்பட்டபோது அந்த மாவட்டத்து இளைஞர்களுக்கு வந்த நம்பிக்கை சாதாரணமானதல்ல. ஆனால் மோட்டாரும் பேட்டரியும் பெட்டியில் வந்து இறங்கும் வரை திருமுடிவாக்கத்துக்கு அதில் வேலை இல்லை.

2024 மார்ச்சில் வந்த மத்திய அரசின் திட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டு எழுதப்பட்டது. குறைந்தது 4,150 கோடி ரூபாய் முதலீடு செய்ய ஒப்புக்கொள்ளும் நிறுவனம், 35,000 டாலருக்குக் குறையாத மின்சாரக் கார்களை வருடத்துக்கு 8,000 வரை 15 சதவீத வரியில் கொண்டுவரலாம். பதிலுக்கு மூன்றாவது வருடம் 25 சதவீதம், ஐந்தாவது வருடம் 50 சதவீதம் உள்நாட்டு மதிப்பு சேர்க்க வேண்டும். சரி, அந்த 50 சதவீதத்தை யாரிடம் வாங்க வேண்டும்? அதைப் பற்றிப் பேச்சில்லை. நிறுவனம் தன் நாட்டுப் பாகக்காரரையே கூட்டிவந்து பக்கத்தில் கொட்டகை போட்டுக் கொடுத்தாலும் கணக்குச் சரியாகிவிடும்.

உள்நாட்டு மதிப்பு நிபந்தனையும் நமக்குப் புதிதல்ல. 1997-ல் கார் நிறுவனங்களுக்கு மூன்றாம் ஆண்டில் 50 சதவீதம், ஐந்தாம் ஆண்டில் 70 சதவீதம் உள்நாட்டுப் பாகம் என்று நிபந்தனை போட்டோம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2001-ல் நமக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குள் மறைமலை நகரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஆலைகள் எழுந்து, அவற்றைச் சுற்றி நம் ஆட்களின் பட்டறைகள் முளைத்திருந்தன. இன்று சென்னைக்கு இருக்கும் பெயர் அந்தக் காலத்தில் ஊன்றிய விதை. 2021-ல் மறைமலை நகர் ஆலையில் கார் உற்பத்தி நிற்கப்போகிறது என்ற அறிவிப்பு வந்தபோது ஆலைத் தொழிலாளர்கள் வாசலில் போராடினார்கள், பேச்சுவார்த்தை நடந்தது, இழப்பீடு கிடைத்தது. அந்த ஆலையை நம்பியிருந்த மூன்றாம் படிப் பட்டறைகளுக்குப் போராட வாசலும் இல்லை, இழப்பீடும் இல்லை.

பாகத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 ஏப்ரல் காட்டிவிட்டது. சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உள்ளங்கையில் அடங்கும் காந்தம். அது இல்லாமல் இன்றைய மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு மோட்டார் இல்லை. இந்திய ஆலைகள் இருப்பை எண்ணிப் பார்க்கத் தொடங்கின. இத்தனைக்கும் அந்தக் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் கிடைக்கும் மோனசைட் மணல், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பல பத்தாண்டுகளாக அள்ளிப் பிரிக்கப்படுகிறது. கதிரியக்கத்துக்கும் கடல் அரிப்புக்கும் அஞ்சும் கடலோர மக்களின் எதிர்ப்பு அங்கே உண்டு, அதைக் காதில் வாங்காமல் எதையும் செய்யக் கூடாது. நான் சொல்ல வருவது வேறு. மணல் நம்மிடம் இருந்தும் காந்தம் செய்யும் தொழிலை நாம் வளர்க்கவில்லை. 2025 நவம்பரில்தான் அதற்காக 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

காந்தத்துக்கு நடந்தது ஷாஃப்ட்டுக்கும் கியருக்கும் நடக்க ரொம்ப நாள் ஆகாது. மைக்ரான் கணக்கில் கடையத் தெரிந்த கை ஒரு நாளில் உருவாகாது. பட்டறை மூடினால் அந்த டர்னர் டெலிவரி வண்டி ஓட்டப் போய்விடுவார். பிறகு எத்தனை ஆயிரம் கோடி ஒதுக்கினாலும் அவரைத் திரும்ப லேத்துக்குக் கொண்டுவர முடியாது. 2024-ல் இந்தியாவில் விற்ற கார்களில் மின்சாரக் கார் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஆகவே அவகாசம் இருக்கிறது. கொஞ்சம்தான்.

ஊக்கத்தொகைத் திட்டத்தின் கணக்கு 2027-28 நிதியாண்டோடு முடிகிறது. அடுத்தது என்ன என்று எழுதும் மேசையில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். 500 கோடி வரம்பை எடுத்துவிட்டு, ஐந்து கோடி ரூபாய்க்குத் தொழில் செய்கிறவரும் உள்ளே வரும்படி விதியை மாற்றுங்கள். பேலன்சிங் மெஷினும் அளவைக் கருவியும் சிட்கோ பேட்டைக்கு ஒரு பொது மையத்தில் கிடைக்கட்டும். சலுகை வரியில் கார் கொண்டுவரும் நிறுவனம், வாங்கும் பாகத்தில் ஒரு பங்கைச் சிறு பட்டறைகளிடம் வாங்கும்படி, அந்தப் பட்டறைகளுக்குக் கடனும் வழிகாட்டலும் சேர்த்துக் கொடுங்கள். தமிழக அரசும் ஆலைக்கு நிலம் கொடுக்கும்போது இந்தப் பேச்சை எடுக்கலாம். நிலம் கொடுத்த பிறகு எடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.